ரின்பாலும் நாலு மணித்தியாலமும்

1939இல் சிங்கப்பூர் ரோட்டரிக் கழகத்தில் ஒரு பெண் வைத்தியர் பேசினார். யமேய்க்காவில் பிறந்த சிசிலி வில்லியம்ஸ். பேச்சின் தலைப்பு "பாலும் கொலையும்". தாதிமாரைப்போல உடுத்த விற்பனைப் பெண்கள் பிள்ளை பெற்ற வீடுகளுக்குப் போய், தாய்ப்பாலைவிட இனிப்பு ரின்பால் நல்லது என்று நம்பவைத்ததையும், அதைக் குடித்த குழந்தைகள் செத்துப்போனதையும் அவர் அம்பலப்படுத்தினார். எம்மவர்கள் றெயில்வேயிலும் கந்தோர்களிலும் வேலை பார்த்த அதே மலாயாதான். (மலாயன் பென்சன்காரரோடு எங்கள் ஊர்களுக்கு வந்த பழக்கங்களைப் பற்றி யாராவது விரிவாக எழுதவேண்டும்.) 1942இல் யப்பானியர் சிங்கப்பூரைப் பிடித்த பிறகு வில்லியம்ஸ் சாங்கிச் சிறையில் அடைபட்டார். அங்கே 20 பிள்ளைகள் பிறந்தன, 20உம் தாய்ப்பால் குடித்தன, 20உம் தப்பின என்பது அவர் பின்னாளில் சொன்ன கணக்கு. சிறையில் ரின் இல்லை. "உனக்குப் பால் காணாது" என்று சொல்லி விற்க ஆளும் வரவில்லை.

விற்பனைப் பெண் வராமலே அப்படிச் சொன்ன இடம் நாம் இப்போது வாழும் மெல்பேர்ண். ஆஸ்பத்திரிகளில் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வேறு அறையில் வைத்து, நாலு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் கொண்டுவந்து கொடுத்தார்கள். இந்த மணிக்கூட்டு ஒழுங்கைப் பரப்பியவர்களில் முக்கியமானவர் நியூசிலாந்து வைத்தியர் ட்ரூபி கிங். வேடிக்கை என்னவென்றால், அவர் தாய்ப்பாலை வலியுறுத்தியவர். பிள்ளை உறிஞ்ச உறிஞ்சத்தான் பால் ஊறும். நேரம் பார்த்துக் கொடுத்தால் குறையும், குறைந்தால் போத்தல். இப்படிப் போத்தலில் வளர்ந்தவர்கள் தாயானபோது, கேட்டுப் பழக வீட்டில் ஒருத்தரும் இல்லை. 1964இல் மேரி பேற்றன் இன்னும் 5 பெண்களோடு இங்கே பாலூட்டும் தாய்மார் சங்கத்தைத் தொடங்கியது அதனால்தான்.

நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினியில் எங்கள் பிள்ளைகள் இருவர் நிற்கிறார்கள். இன்னும் கலியாணமாகவில்லை, ஆனால் போத்தல்தான் என்று இப்போதே முடிவு. ஒருத்திக்கு வெட்கம். அதை ஊர் வெட்கம் என்று நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். பஸ்ஸிலும் கோயில் மண்டபத்திலும் சேலைத் தலைப்புக்குள் பிள்ளையை வைத்தபடி ஊர்க்கதை கதைத்த பெண்களைப் பார்த்துத்தானே நாம் வளர்ந்தோம். இந்த நாட்டுக்கும் அந்த வெட்கம் உண்டு. 2003இல் விக்ரோறியப் பாராளுமன்றத்தில் தன் 11 நாள் குழந்தைக்குப் பால் கொடுத்த உறுப்பினர் கேர்ஸ்ரி மார்ஷலை, குழந்தை சபைக்கு 'அந்நியர்' என்ற விதியைக் காட்டி வெளியேற்றினார்கள்.

மற்றவளுடைய காரணம் வேறு. அவள் வன்னிப் பிள்ளை. 2009இல் பத்து வயது. சாப்பாடில்லாமல் தாய்க்குப் பால் வற்றிவிட, கைக்குழந்தைத் தம்பிக்காகப் பால்மா வரிசைகளில் நின்றவள். அந்த வருடம் ஏப்ரல் 8இல் அம்பலவன்பொக்கணையில் அப்படியொரு வரிசையில் நின்ற பெண்கள், பிள்ளைகள்மேல் ஷெல் விழுந்தது. செத்த தாய்மாரில் சிலரின் கையில் பால்மா அட்டை இருந்ததை ஐ.நா. நிபுணர் குழுவின் 2011 அறிக்கை பதிந்திருக்கிறது. கம்பனிக்காரனின் பொய்யைப் பற்றி இவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல? சாங்கிக் கணக்கைச் சொல்லிப் பார்த்தேன்.

"அங்க ஷெல் அடிச்சவங்களோ அக்கா?" என்று கேட்டாள். பிறகு, போத்தலென்றால் பிள்ளை எவ்வளவு குடித்தது என்று கோட்டைப் பார்த்துச் சொல்லலாம் என்றாள்.