சைக்கிளும் பூட்டும்



தோட்டத்து மக்களுக்குச் சைக்கிள் ஒருநாளும் விளையாட்டுப் பொருளாக இருந்ததில்லை. விடியுமுன் பெரட்டுக்குப் போவதற்கும், பால் வாளிகளைக் கட்டிக்கொண்டு ஸ்டோருக்கு வருவதற்கும், காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்கு மிதிப்பதற்கும் ஒரு காலத்தில் அந்த இரண்டு சக்கரங்கள்தாம் துணை. சைக்கிள் களவுபோன வீட்டில் அந்த மாதத்து அரிசிக் கணக்கே தடுமாறிப்போகும். இன்று பல வீடுகளில் மோட்டார் சைக்கிள் நிற்கிறது. ஆனாலும் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்குச் சைக்கிள் வேண்டியிருக்கிறது. அதைத் தேடி வரும் கள்ளனும் இருக்கிறான். அவனைத் தடுக்க நாம் தொங்கவிடும் பூட்டுக்கு நீண்ட சரித்திரம் ஒன்று உண்டு.

பண்டைய எகிப்தியர் மரத்தாலேயே பூட்டுச் செய்தார்கள். கதவின் தாழ்ப்பாளில் துளைகள் இருக்கும். மேலேயிருந்து சிறு முளைகள் அத்துளைகளில் விழுந்து தாழ்ப்பாளை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதே அளவில் பற்கள் உள்ள ஒரு நீண்ட மரச் சாவியை உள்ளே நுழைத்து மேலே தூக்கினால் முளைகள் எழும்பும்; தாழ்ப்பாள் நகரும். இவ்வளவுதான் சூத்திரம். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

நமது பூர்வீக மண்ணிலும் பூட்டுக்குப் பேர்போன ஊர் ஒன்று உண்டு. திண்டுக்கல் என்றதும் பெரியவர்களுக்கு மாங்காய்ப் பூட்டு நினைவுக்கு வரும். கையால் அடித்துச் செய்யும் அந்தப் பூட்டுக்கு 2019ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு என்னும் அங்கீகாரம் கிடைத்தது.

பூட்டுக்காரர்களுக்கும் திறப்பவர்களுக்கும் நடந்த போட்டியை இங்கிலாந்தில் பார்க்கலாம். 1817இல் போர்ட்ஸ்மத் கப்பல் துறையில் கள்ளச் சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். தன் சாவியால் அன்றி வேறெதனாலும் திறக்க முடியாத பூட்டு வேண்டும் என்று அரசாங்கம் அறிவித்தது. ஜெரமையா சப் என்பவர் 1818இல் ஒரு பூட்டைச் செய்தார். வேறு சாவியோ கம்பியோ உள்ளே போய்த் துழாவினால் அந்தப் பூட்டு இறுகிக்கொள்ளும். சொந்தக்காரர் சாவியைப் போட்டதும், யாரோ கை வைத்திருக்கிறான் என்று தெரிந்துவிடும். சிறைக் கப்பலில் இருந்த ஒரு கைதி, தொழிலால் பூட்டுச் செய்பவன், இதைத் திறந்து காட்டுவதாகச் சவால் விட்டான். திறந்தால் விடுதலை, கூடவே 100 பவுன் பணம். இரண்டு மூன்று மாதம் முயன்று தோற்றுப்போனான்.

அதற்கும் முன்பே, ஜோசப் பிராமா என்பவர் தம்முடைய பூட்டு ஒன்றை லண்டன் கடைச் சன்னலில் வைத்து, திறப்பவருக்கு 200 கினி பரிசு என்று எழுதிவைத்தார். 1790 முதல் அது அறுபது ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் அசையவில்லை. 1851இல் லண்டன் மாபெரும் கண்காட்சிக்கு வந்த ஹாப்ஸ் என்ற அமெரிக்கர் சப்பின் பூட்டை 25 நிமிடத்தில் திறந்தார். பிராமாவின் பூட்டோடு பதினாறு நாட்களில் 51 மணி நேரம் மல்லுக்கட்டி அதையும் திறந்துவிட்டார். ஆங்கிலேயர் திகைத்துப் போனார்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள்: எந்தக் கள்ளன் பதினாறு நாள் ஒரு வாசலில் உட்காருவான்? தோற்றது பூட்டுதான் என்றாலும், அது எவ்வளவு நேரம் தாக்குப்பிடித்தது என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

அதன்பின் 1860களில் அமெரிக்காவின் லைனஸ் யேல், எகிப்தியரின் அதே முளைச் சூத்திரத்தை எடுத்து, மரத்துக்குப் பதில் உலோகத்தில், சட்டைப் பையில் போடும் அளவுக்குச் சிறிய தட்டைச் சாவியோடு அமைத்தார். இன்று நம் வீட்டுக் கதவிலும் பல ஆமைப் பூட்டுகளிலும் இருப்பது அதன் வம்சம்தான்.

சைக்கிளின் கதை இதைவிட இளையது. இரண்டு சக்கரமும் ஏறக்குறைய ஒரே அளவாக, சங்கிலி பின்சக்கரத்தைச் சுழற்றும் வண்டியை ஸ்டார்லி என்பவர் 1885இல் இங்கிலாந்தில் கொண்டுவந்தார். 1888இல் டன்லப் காற்று டயரைத் தந்தார். டயருக்கு ரப்பர் வேண்டும். ரப்பருக்கு மலாயாவில் தோட்டம் வேண்டும். தோட்டத்துக்கு நம் பாட்டன் பூட்டனின் உழைப்பு வேண்டும். ஊரெல்லாம் உருண்ட டயரில் நம்மவர் வெட்டிய பாலும் இருந்தது.

இந்த நாட்டில் சைக்கிள்கள் பெருமளவில் பறிபோனது 1941ஆம் ஆண்டின் இறுதியில். டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் கோத்தா பாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. எழுபது நாளில் தீபகற்பம் முழுவதையும் கடந்து சிங்கப்பூரையும் அவர்கள் பிடித்ததற்குச் சைக்கிள் ஒரு முக்கிய காரணம். ஒவ்வொரு படைப் பிரிவுக்கும் ஏறக்குறைய 6,000 சைக்கிள்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. போதாததற்கு வழியில் கண்ட மக்களுடைய வண்டிகளையும் பறித்துக்கொண்டார்கள். போருக்கு முன் ஜப்பானியச் சைக்கிள்கள் இங்கே மலிவாக விற்கப்பட்டிருந்தபடியால், பழுதானால் மாற்றுச் சாமானும் ஊர்க்கடைகளிலேயே கிடைத்தது. பின்வாங்கிய பிரிட்டிஷ் படை பாலங்களைத் தகர்த்தது. இவர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆற்றைக் கடந்தார்கள். டயர் வெடித்தால் வெறும் வளையத்தோடு தார்ச் சடக்கில் ஓட்டினார்கள். அந்த இரவு நேர இரைச்சலை டாங்கி வருவதாக எண்ணி அஞ்சியவர்களும் உண்டு. துப்பாக்கியோடு வந்து கேட்பவனிடம் எந்தப் பூட்டும் செல்லாது. சைக்கிளைப் பறித்தவர்கள் பிறகு தோட்டத்து மனிதர்களையே சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள். அது தனியாகப் பேசவேண்டிய துயரம்.

இனி நம் காலத்துக் கள்ளனுக்கு வருவோம். அவனிடம் துப்பாக்கி இல்லை. ஒரு குறடு இருக்கலாம். பின்சக்கரத்தில் பொருத்திய வளையப் பூட்டு, ஸ்போக் கம்பிகளுக்கு நடுவே ஓர் இரும்புத் தண்டைச் செலுத்தி, சக்கரத்தைச் சுழலவிடாமல் தடுக்கிறது. கடைக்குள் நுழைந்து உப்புப் புளி வாங்கி வரும் நேரத்துக்கு அது போதும். ஆனால் சைக்கிளையே தூக்கி லாரியில் போடுகிறவனை அது என்ன செய்யும்? எண்களைத் திருப்பித் திறக்கும் மெல்லிய கம்பிப் பூட்டு பார்வைக்கு அழகு. நல்ல குறடு இருந்தால் நொடியில் அறுந்துவிடும். பிள்ளைகள் அதன் வண்ணத்தைப் பார்த்துக் கேட்பார்கள். வாங்கித் தராதீர்கள் என்றே சொல்வேன்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குதிரை லாடம்போல் வளைந்த கெட்டி இரும்புப் பூட்டு வந்தது. 1972இல் அதைப் போட்டு நியூயார்க் தெருக் கம்பம் ஒன்றில் ஒரு சைக்கிளைப் பூட்டி, முப்பது நாள் அப்படியே விட்டுப் பார்த்தார்கள். கழற்றக்கூடிய உறுப்புகளையெல்லாம் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். பூட்டும் பிரேமும் மட்டும் நின்றன. பெரும் பெயர்தான். ஆனால் 2004இல் அதே நிறுவனத்தின் வட்டச் சாவிப் பூட்டுகளைச் சாதாரணப் பேனாக் குழாயால் திறக்கலாம் என்று தெரியவந்து, கம்பெனி லட்சக்கணக்கில் பூட்டுகளை மாற்றித்தர நேர்ந்தது. இரும்பு எவ்வளவு கெட்டியானாலும் சாவித் துவாரம் பலவீனமானால் பயனில்லை.

ஆகவே பூட்டு வாங்கும்போது சங்கிலியையும் பூட்டையும் சேர்த்தே பாருங்கள். தடித்த சங்கிலியில் காசுக்கு இரண்டு பூட்டை மாட்டுவதும், நல்ல பூட்டை நூல்போன்ற சங்கிலியில் மாட்டுவதும் ஒன்றுதான். சங்கிலி பிரேமையும் சக்கரத்தையும் சேர்த்துப் பிடித்து, அசையாத ஒன்றோடு பிணைய வேண்டும். முன்சக்கரத்தை மட்டும் கட்டினால், அந்தச் சக்கரம் மட்டுமே உங்களுக்கு மிஞ்சும். குட்டையான கம்பத்தில் மாட்டினால் மேலே தூக்கி உருவிவிடுவான். சங்கிலி தரையில் கிடந்தால் கல்லில் வைத்துச் சுத்தியலால் அடிக்க வசதி. அதைத் தூக்கி இறுக்கிக் கட்டுங்கள். மழை நீர் இறங்காமல் சாவித் துவாரம் கீழ்நோக்கி இருக்கட்டும். நம் ஊர் மழையில் துருப்பிடித்த பூட்டு, கள்ளனுக்கு முன்னே சொந்தக்காரரைத்தான் தடுத்து நிறுத்தும்.

இன்னொன்று, காசே செலவில்லாதது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பெடல் அச்சு போகும் குழாயின் அடியில் மண்ணைத் துடைத்துப் பாருங்கள். ஓர் எண் வெட்டப்பட்டிருக்கும். சில வண்டிகளில் ஆசனத்துக்குக் கீழுள்ள குழாயில் இருக்கும். படித்த பிள்ளையை விட்டு அந்த எண்ணை எழுதச் சொல்லி, கடை ரசீதோடு சேர்த்து, பிறப்புப் பத்திரம் வைத்திருக்கும் பெட்டியிலேயே வையுங்கள். திருட்டுச் சைக்கிள்கள் பிடிபட்டு நிலையத்தில் வரிசையாக நிற்கும்போது, ஒரே மாதிரி கறுப்பு வண்டிகளுள் எது உங்களுடையது என்று காட்ட அந்த எண் உதவும்.