ஓடி ஆடி எண்ணிய ஆங்கிலம்

முப்பது வருடங்களுக்கு மேல் ஆங்கிலப் பாடம் நடத்தியவன் நான். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகள் பலர் 'ஒன், டூ, த்ரீ' என்று நூறு வரை மூச்சு விடாமல் ஒப்பிப்பார்கள். நடுவில் நிறுத்தி, 'செவன்டீனுக்கு முன்னால் என்ன?' என்றால், மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்கள். ராகம் தெரிந்திருந்தது, எண் தெரியவில்லை.

இந்தச் சங்கடம் பழையது. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சுவா குவேன் என்ற பிரெஞ்சு ஆசிரியர் ஜெர்மன் கற்க ஹாம்பர்க் நகருக்குப் போனார். இலக்கணத்தை நெட்டுருப் போட்டார். அகராதியையே மனப்பாடம் செய்தார். ஆனாலும் பிறர் பேசுவது அவருக்குப் பிடிபடவில்லை. ஊர் திரும்பினால், குடும்பத்தில் ஒரு மூன்று வயதுப் பையன், மாவு ஆலையைப் பார்த்துவிட்டு வந்து, மூட்டை கட்டுவது முதல் அரைப்பது வரை சொல்லிச் சொல்லி விளையாடிக்கொண்டிருந்தான். செயலோடு சேர்ந்த சொல்தான் நிற்கும் என்று குவேனுக்குப் புரிந்தது. 1880இல் இதை நூலாகவே எழுதினார்.

1922இல் ஜப்பானுக்குப் போன ஆங்கிலேயர் ஹெரால்டு பாமர், 1925இல் தன் மகளோடு சேர்ந்து, செயல் வழியே ஆங்கிலம் கற்பிக்கும் புத்தகத்தை வெளியிட்டார். 1960களில் அமெரிக்க உளவியல் பேராசிரியர் ஜேம்ஸ் ஆஷர், 'முதலில் கேட்கட்டும், உடம்பால் செய்யட்டும். பேச்சு தானாக வரும்' என்ற முறையை வகுத்தார்.

என் வகுப்பில் இதற்கு வேண்டியிருந்தது ஒரு வேப்பமரத்தடி மட்டுமே. பிள்ளைகள் வட்டமாக ஓடுவார்கள். 'ஃபோர்!' என்றதும் நாலு நாலு பேராகக் கூடி நிற்க வேண்டும். எந்தக் கூட்டத்திலும் சேராமல் மிஞ்சியவர்தான் அடுத்த எண்ணைக் கூவ வேண்டும். இன்னொரு ஆட்டத்தில் ஆளுக்கொரு எண் சொல்லிக்கொண்டே போக வேண்டும்; ஏழும் அதன் மடங்குகளும் வரும் இடத்தில் வாய் திறக்காமல் கை தட்ட வேண்டும். அடுத்தவர் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்காமல் இதில் தப்பவே முடியாது.

'இது பள்ளிக்கூடமா, சந்தைக்கடையா?' என்று கேட்ட மேலதிகாரி ஒருவரும் உண்டு. என் கண்ணில் பட்டதோ வேறு. வகுப்பில் எழுந்து நிற்கவே கூசும் பிள்ளை, ஆட்டத்தில் மிஞ்சி நின்றதும் 'சிக்ஸ்!' என்று தொண்டை கிழியக் கத்தும். ஆங்கிலம் பேசுகிறோம் என்ற பயமே அந்த நேரத்தில் அதற்கு இருக்காது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளை ஆங்கிலத்திடமிருந்து விலக்கி வைத்தது மந்த புத்தி அல்ல, தப்பாகச் சொன்னால் சிரிப்பார்களே என்ற வெட்கம்தான். விளையாட்டில் தோற்றவரைப் பார்த்துச் சிரித்தால் யாருக்கும் வலிப்பதில்லை. தோற்றவரும் சேர்ந்துதான் சிரிக்கிறார்.

விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகளோடு பல்லாங்குழி ஆடும்போது, முத்துகளை அவர்கள் தமிழில் எண்ணட்டும், நீங்கள் ஆங்கிலத்தில் எண்ணுங்கள். அடுத்த ஆட்டத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். இரண்டு பேருக்கும் லாபம்.