ஆயுதம் எரித்தவர்கள்

மொன்றியலில், சமையலறை வேலை இல்லாத ஞாயிறுகளில், ஏழாம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ருஷ்ய வரலாறு சொல்லிக் கொடுக்கிறோம். ஊரில் நாங்கள் படித்த ருஷ்யா 1917இல் தொடங்கி அங்கேயே முடிந்தது. ஜார் வீழ்ந்தான், லெனின் வென்றார். அண்ணன்மாரின் அலுமாரியில் இருந்த மொஸ்கோ வெளியீடுகளும் அதையே சொல்லின.

இங்கே 1895இல் தொடங்குகிறோம். அந்த ஆண்டு கோகசஸ் பகுதியில் டூகோபோர் என்னும் கிறிஸ்தவ உழவர்கள், கொல்வது பாவமென்று தங்கள் ஆயுதங்களைக் குவித்து எரித்தார்கள். ஜாரின் கொசாக் படை அவர்களைச் சவுக்கால் அடித்தது. பலர் ஊரைவிட்டுத் துரத்தப்பட்டார்கள். 1899இல் ஏறத்தாழ 7,500 பேர் கப்பலேறிக் கனடா வந்தார்கள். அந்தப் பயணத்துக்கு உதவவென்று டோல்ஸ்டோய் ‘புத்துயிர்ப்பு’ நாவலின் வருமானத்தைக் கொடுத்தார். ஆனால் 1907இல், அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்ததற்காக, சஸ்கச்சவானில் அவர்களுக்கு இருந்த நிலத்தில் ஒரு பெரிய பங்கைக் கனடிய அரசு திருப்பி எடுத்துக்கொண்டது.

“அவையும் எங்களைப்போல அகதியளோ?” என்று ஒரு சிறுமி கேட்டாள். ஓம் என்றோம்.

“ஆயுதத்தை எரிச்ச பிறகும் ஏன் அடிச்சவங்கள்?” என்றான் பின்னாலிருந்த பையன்.

எங்களிடம் விடை இருக்கவில்லை. வீட்டுக்குப் போய்த் தாய் தகப்பனிடமும் அதையே கேட்பான். கேட்கட்டும்.