தூசணத்தை எண்ணிய காலம்

இப்ப வாற சீரிஸ்களைப் பார்த்துவிட்டு, "முந்தி இப்படியெல்லாம் இல்லை, எல்லாம் கெட்டுப்போச்சு" எண்டு பெரியவர்கள் சொல்வதை நாங்கள் எல்லோருமே கேட்டிருப்போம். அந்த "முந்தி" எப்போது என்று தேடிப் போனால், பிரித்தானியாவில் 1954இலேயே இதே சண்டை நடந்திருக்கிறது.

அந்த வருடம் டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை இரவு. அப்போது அங்கே இருந்த ஒரே தொலைக்காட்சி பிபிசிதான். ஜோர்ஜ் ஓர்வெல்லின் '1984' நாவலை நாடகமாக்கி நேரடியாக ஒளிபரப்பினார்கள். பீற்றர் குஷிங் கதாநாயகன். சித்திரவதையும், எலிகளைக் காட்டி மனிதனை உடைக்கும் காட்சியும் வீட்டு வரவேற்பறைக்குள் வந்ததும் பலர் கொதித்துப்போனார்கள். முறைப்பாடுகள் குவிந்தன. பாராளுமன்றத்தில் கண்டனப் பிரேரணை வந்தது; பிபிசிக்கு ஆதரவாகவும் சிலர் எழுந்தார்கள். பிபிசி பின்வாங்கவில்லை. வியாழக்கிழமை நடிகர்கள் மறுபடி வந்து முழு நாடகத்தையும் திரும்ப நடித்தார்கள். சுமார் 70 இலட்சம் பேர் பார்த்தார்கள். திட்டுத்தான் விளம்பரமாகிப் போனது.

பத்து வருடம் கழித்து இந்தக் கோபம் ஓர் இயக்கமாக மாறியது. மேரி வைற்ஹவுஸ் என்ற பாடசாலை ஆசிரியை 1964இல் தொலைக்காட்சியைத் துப்புரவாக்கும் பிரசாரத்தைத் தொடங்கினார். மே மாதம் பேர்மிங்ஹாம் நகர மண்டபத்தில் நடந்த கூட்டத்துக்கு ஏறத்தாழ 2,000 பேர் வந்தார்கள். இவர்களைச் சும்மா பழசுகள் என்று தள்ளிவிட ஏலாது. பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் கேட்காமலே வந்து நிற்கும் பெட்டி அது. அதில் என்ன வரலாம் என்று கேட்க பார்வையாளருக்கு உரிமை இருக்கிறதுதானே?

பிரச்சினை, அவர்கள் எதை எண்ணினார்கள் என்பதில்தான். 1960களின் பிரபலமான நகைச்சுவைத் தொடர் ஒன்றில் அல்ஃப் கார்னெற் என்று ஒரு பாத்திரம். வாய் திறந்தால் தூசணம். அதோடு குடியேறி வந்தவர்களைப் பற்றிய இனவாதப் பேச்சு. அவனைப் பார்த்துச் சிரிக்கட்டும் என்றுதான் ஜோனி ஸ்பெய்ற் எழுதினார். வைற்ஹவுஸ் தரப்பின் முறைப்பாடுகளில் முன்னுக்கு நின்றது கெட்ட வார்த்தை. அதேவேளை பார்வையாளரில் ஒரு பகுதியினர் அல்ஃபை ரசித்து, "இவன் சொல்றது சரிதானே" என்று அவன் பக்கம் சாய்ந்தார்கள். அந்த வசவைத் தெருவில் கேட்க வேண்டியிருந்தவர்களுக்கு எது அதிகம் வலித்திருக்கும்? தூசணத்தை எண்ணுவது சுகம். இனவாதத்தை அப்படி எண்ண முடியாது.

இன்னொரு நாடகத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 1966 நவம்பர் 16, கென் லோச் இயக்கிய 'கத்தி கம் ஹோம்'. வீடிழந்த ஒரு இளம் குடும்பம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைகிறது. கடைசியில் தாயிடமிருந்து பிள்ளைகளைப் பிடுங்கிக்கொண்டு போகிறார்கள். இதைவிட இருண்ட முடிவு வேண்டுமா? சுமார் 1 கோடி 20 இலட்சம் பேர் பார்த்தார்கள். அங்கேயும் கோபம் வந்தது. ஆனால் "இதை ஏன் காட்டினாய்?" என்பதைவிட "இது ஏன் நடக்குது?" என்ற கேள்விதான் பெரிதாக எழுந்தது. ஏற்கெனவே திட்டமிடப்பட்டிருந்த 'ஷெல்ரர்' என்ற வீடற்றோர் அமைப்பு சில வாரங்களில் தொடங்கியபோது, அந்தக் கோபம் அதற்குப் பலமாக இருந்தது. ஆனாலும் வீடற்றவர்களுக்கான சட்டம் 1977இல்தான் வந்தது. நாடகம் தனியே ஒரு வீட்டையும் கட்டித் தராது.

ஆகவே இருட்டைக் காட்டுவதே துணிச்சல் என்றும் நாங்கள் சொல்ல வரவில்லை. அதிர்ச்சிக்காக மட்டும் இரத்தமும் தூசணமும் கொட்டும் தொடர்கள் இன்றைக்கு ஏராளம். ஒரு காட்சி எங்களைக் கூச வைத்தால், கூச வைத்தது வார்த்தையா, அந்த வார்த்தைக்குப் பின்னால் இருக்கிற நிலைமையா என்று முதலில் கேட்போம். நிலைமைதான் என்றால், முறைப்பாட்டை அனுப்ப வேண்டிய இடம் தொலைக்காட்சி நிலையம் இல்லை.