கிரேக்க விடுதலைப் போரும் அயலார் நோக்கும்

ஒரு நாட்டின் விடுதலைப் போரை நோக்கும் அயலார், தாம் முன்னர்க் கற்றதையே அங்குக் காண விழைவர். இதற்குக் கிரேக்க நாடு தக்கதோர் எடுத்துக்காட்டாகும். 1821ஆம் ஆண்டிலே உதுமானியப் பேரரசை எதிர்த்துக் கிரேக்கர் கிளர்ந்தெழுந்தபோது, மேனாட்டு இளைஞர் பலர் துணைநிற்க விரைந்தனர். ஓமர் பாடிய வீரரை அவர்கள் தேடினர். கண்டதோ, தம்மை உரோமர் என்றே வழங்கிய உழவரையும் மலைக்கள்வரையும். ஏமாந்தோர் பலர் இகழ்ந்து மீண்டனர். அது உழவர் பிழையன்று.

இரக்கமும் ஒருபாற் கோடிற்று. அவ்வாண்டே திரிப்பொலிற்சா நகரைக் கைப்பற்றிய கிரேக்கர், அங்கிருந்த முஸ்லிம்களையும் யூதரையும் ஆயிரக்கணக்கிற் கொன்றனர். மறுவருடம் கியோசுத் தீவிலே துருக்கியர் கிரேக்கரைக் கொன்றொழித்தனர். பிரான்சிய ஓவியர் தெலாக்குருவா 1824இல் தீட்டிக் காட்டியது பின்னதையே. ஐரோப்பா கண்ணீர் சொரிந்ததும் அதற்கே.

1823இல் அங்குச் சென்ற ஸ்கொத்திலாந்து மரபினரான யோர்ச் பின்லே வேறுவகையினர். போருக்குப் பின்னும் அந்நாட்டிலேயே குடியமர்ந்து, நிலம் வாங்கி நட்டமுமுற்றார். நட்டமும் நல்லாசான் போலும்! 1861இல் அவர் வெளியிட்ட வரலாறு தலைவரைக் கடிந்து, குடிமக்களின் தளரா உறுதியையே போற்றுகின்றது.

எனினும் அந்நாட்டின் வருங்காலத்தை வகுத்தோரும் அயலாரே. 1832இல் இலண்டனிற் கூடிய வல்லரசுகள் பவேரிய இளவரசர் ஒற்றோவை மன்னராக்கின. அவ்வுடன்படிக்கையிற் கிரேக்கர் எவரும் ஒப்பமிட்டிலர். 1834இல் தலைநகரும் பண்டைப் புகழ் கருதி நௌப்பிலியாவிலிருந்து ஏதென்சுக்கு மாற்றப்பட்டது. அந்நாளில் அது போரிற் சிதைந்த சிற்றூர்.