கல்லமேட்டு எலும்புகள்: முதுகெலும்பித் தொல்லுயிரியலில் அச்சும் பகிர்வும்

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் தோண்டியெடுத்த ஒரு டைனோசரின் எலும்புகள் இன்று எந்த அருங்காட்சியகத்திலும் இல்லை. அவற்றைப் பற்றி அச்சான சில பக்கங்கள் இருக்கின்றன. பி. யாதகிரியும் கே. அய்யாசாமியும் எழுதிய அந்தக் கட்டுரை, இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் சிறப்பு வெளியீடு ஒன்றில், கருத்தரங்கக் கட்டுரைகளின் நடுவே சில பக்கங்களில் முடிந்துவிடுகிறது. பூமியில் நடமாடிய விலங்குகளில் ஆகப் பெரியது எது என்ற வழக்கு எழும்போதெல்லாம் இந்தச் சில பக்கங்களைத் தொடாமல் யாரும் பேச முடிவதில்லை. புருகத்காயோசாரஸ் மாட்லியை என்பது அந்த விலங்குக்கு அவர்கள் இட்ட பெயர்.

முதுகெலும்பித் தொல்லுயிரியலில் ஆய்வை வெளியிடும் முறை ஏன் மாறி வந்தது என்று கேட்டால், யார் முந்திப் பெயர் வைப்பது என்ற போட்டியையும் தொழில்நுட்பத்தின் வேகத்தையும்தான் பெரும்பாலும் காரணமாகச் சொல்கிறார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் அவற்றைவிட ஆழமான காரணம் ஒன்று உண்டு என்பது என் கருத்து. இத்துறையில் எலும்பு நிலைப்பதில்லை, அச்சு நிலைக்கிறது. எலும்பு போன பிறகு அச்சில் என்ன மிஞ்சுகிறதோ அதுவே விலங்கு. இதை ஒவ்வொரு தலைமுறையும் ஓர் இழப்புக்குப் பிறகே உணர்ந்திருக்கிறது.

சிப்பிகளையும் அம்மோனைட்டுகளையும் ஆராய்பவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குவாரிகளில் ஒன்று உடைந்தால் இன்னொன்றைப் பொறுக்கிக்கொள்ளலாம். முதுகெலும்பிகளில் பெரும்பாலும் ஓர் இனத்துக்கு ஓர் எலும்புக்கூடுதான் கிடைக்கும். பல நேரம் ஓர் எலும்புதான். அதைப் பார்த்தவர் எழுதி வைப்பதையே பார்க்காதவர்கள் நம்பியாக வேண்டும்.

காவிரிப் படுகையின் எச்சங்கள் முதலில் அச்சேறியது லண்டனில். சென்னை மாகாணத்தில் பணியாற்றிய கே, கன்லிஃப் என்ற இரு அதிகாரிகள் 1840களின் தொடக்கத்தில் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் திரட்டியவை கப்பலேறின. அவற்றில் இருந்த மீன் எச்சங்களைப் பற்றி பிலிப் எகர்ட்டன் 1845இல் லண்டன் புவியியல் கழகத்தின் காலாண்டிதழில் எழுதினார். பொருள் ஒரு கண்டத்தில், அதைப் படிப்பவர் இன்னொரு கண்டத்தில், தோண்டிய ஊர்க்காரர் எதிலும் இல்லை என்ற ஏற்பாடு அது.

1851இல் கல்கத்தாவில் புவியியல் ஆய்வுத் துறை அமைந்த பிறகு அச்சு இந்தியாவுக்கு வந்தது. 1856இல் மெமாயர்ஸ், 1861இல் பேலியான்டாலஜியா இண்டிகா, 1868இல் ரெக்கார்ட்ஸ் என மூன்று வரிசைகள் தொடங்கின. விரைவாகச் சொல்ல வேண்டியதற்கு ரெக்கார்ட்ஸ். நிதானமாக, ஒவ்வொரு மாதிரியையும் கல்லச்சுப் படத்தாளில் வரைந்து காட்ட வேண்டியதற்குப் பேலியான்டாலஜியா இண்டிகா. இந்தப் பிரிவினை தற்செயலானதன்று என்றே தோன்றுகிறது. செய்தி வேறு, சான்று வேறு என்று அன்றே ஓரளவு புரிந்து வைத்திருந்தார்கள்.

அந்தச் சான்றின் மதிப்பு தெரியவந்தது வெகு காலம் கழித்து. 1828இல் ஜபல்பூரில் ஸ்லீமன் கண்டெடுத்த வால் முள்ளெலும்புகளை வைத்து ரிச்சர்ட் லைடெக்கர் 1877இல் டைட்டனோசாரஸ் இண்டிகஸ் என்ற பெயரை ரெக்கார்ட்ஸில் வெளியிட்டார். பின்னர் எலும்புகள் எங்கே என்றே தெரியாமல் போயின. பல பத்தாண்டுகள் ஆய்வாளர்கள் பழைய படங்களோடும் வார்ப்புகளோடுமே காலம் தள்ளினர். 2012இல் கொல்கத்தாவில் துறையின் சேகரிப்பிலேயே ஒரு முள்ளெலும்பு அகப்பட்டது. இந்தியாவின் முதல் டைனோசர் திரும்பக் கிடைத்த கதையைத் தனஞ்செய் மொகபே, சுபாசிஸ் சென், ஜெஃப்ரி வில்சன் மூவரும் 2013இல் கரண்ட் சயின்ஸ் இதழில் எழுதினர். பழைய படங்கள் இல்லாவிட்டால் அது அலமாரியில் கிடந்த பெயரில்லாத கல்லாகவே இருந்திருக்கும்.

லைடெக்கர் எழுதிய அதே காலத்தில் அமெரிக்காவில் வேகம் ஒரு நோயாகவே பரவியது. எட்வர்ட் காப், ஒத்னியல் மார்ஷ் இருவரும் ஒருவரை ஒருவர் முந்துவதற்காகப் பெயர்களை அள்ளி வீசினர். காப் தன் கட்டுரைகளைத் தாமதமின்றி அச்சிடத் தனி வெளியீடு ஒன்றை நடத்தினார். அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட் இதழையே விலைக்கு வாங்கிக்கொண்டார். அந்த இதழில்தான் 1878இல், கொலராடோவில் ஓரமெல் லூகாஸ் கண்டெடுத்த ஒரே ஒரு முள்ளெலும்பைச் சுருக்கமாக விவரித்து ஆம்ஃபிகோலியாஸ் ஃப்ராஜிலிமஸ் என்று பெயரிட்டார். ஒரே ஒரு படம். அதுவும் ஒரு பக்கத்திலிருந்து பார்த்தது. அளவு 1500 மில்லிமீட்டர். பிறகு அந்த எலும்பு காணாமல் போனது. காப் விட்டுச்சென்ற சேகரிப்பை 1921இல் ஆராய்ந்து எழுதிய ஆஸ்பார்ன், மூக் ஆகியோருக்கும் அது அகப்படவில்லை.

அந்த ஒற்றை எண்ணை வைத்து 58 மீட்டர் நீளத்துக்கு ஒரு விலங்கைக் கணக்கிட்டதும் உண்டு. 1500 என்பது 1050ஐ மாற்றி அச்சுக் கோத்ததாக இருக்கலாம் என்று 2014இல் உட்ரஃபும் ஃபாஸ்டரும் எழுதினர். 2018இல் கென்னத் கார்ப்பென்டர் அதை வேறொரு குடும்பத்தில் சேர்த்து, மராபுனிசாரஸ் என்று பெயர் மாற்றி, நீளத்தை ஏறக்குறைய பாதியாக, 30 மீட்டர் அளவுக்கு, இறக்கினார். அச்சுக்கோப்பவரின் கை தவறியதா என்ற கேள்வியில் ஒரு விலங்கின் அளவு தொங்கும் துறை வேறு ஏதும் இருக்கிறதா, தெரியவில்லை.

இதற்கு நேர்மாறானது ஜெர்மானியர் எர்ன்ஸ்ட் ஸ்ட்ரோமரின் வேலை. எகிப்தின் பஹாரியா பாலைச்சோலையில் 1912இல் கிடைத்த ஸ்பைனோசாரஸ் என்ற டைனோசரின் எலும்புகளை அவர் 1915இல் வெளியிட்டார். எலும்பு எலும்பாக அளந்து, பல கோணங்களில் வரைந்த படத்தாள்களோடு வந்த வெளியீடு அது. 1944 ஏப்ரல் 24–25 இரவில் மியூனிக் மீது விழுந்த குண்டுகளில் அருங்காட்சியகத்தோடு எலும்புகளும் சாம்பலாயின. சேகரிப்பைப் பாதுகாப்பான இடத்துக்கு மாற்றும்படி ஸ்ட்ரோமர் கேட்டிருந்தார், நடக்கவில்லை. ஆனாலும் ஸ்பைனோசாரஸ் அழியவில்லை. எழுபது ஆண்டு கழித்து வட ஆப்பிரிக்காவில் புதிய எலும்புகள் கிடைத்தபோது, ஸ்ட்ரோமரின் தாள்களை விரித்து வைத்து ஒப்பிட முடிந்தது. ஸ்ட்ரோமர் குடும்பத்தார் அளித்த ஆவணங்களில் இருந்த பழைய நிழற்படங்களும் 2006இல் வெளியாயின.

ஆக, காப்பின் எலும்பும் ஸ்ட்ரோமரின் எலும்பும் ஒரே கதியை அடைந்தன. ஒன்று புதிராகவும் மற்றது அறிவாகவும் மிஞ்சியதற்கு அச்சே காரணம்.

இனிக் கல்லமேடு. அரியலூர்ப் பாறைகளில் டைனோசர் உண்டு என்பது பிளான்போர்டு திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கிரிட்டேசியஸ் பாறைகளை ஆராய்ந்து எழுதிய 1860களிலிருந்தே பேச்சில் இருந்தது. சார்லஸ் மாட்லி 1929இல் ரெக்கார்ட்ஸில் இம்மாவட்டத்து டைனோசர்களைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். அதே மாட்லி ஃபான் ஹூனேயுடன் சேர்ந்து 1933இல் மத்திய மாகாணத்து டைனோசர்களைப் பேலியான்டாலஜியா இண்டிகாவில் 72 பக்கத்தில், படத்தாள்களோடு விவரித்தார். அதாவது அந்தத் துறைக்கு முழுமையாக வெளியிடத் தெரியாமல் இல்லை.

யாதகிரிக்கும் அய்யாசாமிக்கும் கிடைத்தவை இடுப்பெலும்பு ஒன்று, தொடையெலும்பின் பகுதி, முழங்காலுக்குக் கீழுள்ள பெரிய எலும்பு, முன்கையின் எலும்புப் பகுதி, வால் முள்ளெலும்பு. அந்தக் கீழ்க்கால் எலும்பின் நீளம் 2 மீட்டர் என்று கட்டுரை சொல்கிறது. ஆள் உயரத்துக்கும் மேலே. பேருருவ டைனோசரான அர்ஜென்டினோசாரஸின் கீழ்க்கால் எலும்பு ஒன்று 1.55 மீட்டர் என்பதை நினைவில் வைத்தால்தான் இந்த எண்ணின் கனம் புரியும். மழைநீர் ஊறி ஊறி உளுத்த எலும்புகள் அவை. தோண்டும்போதே பொரியத் தொடங்கின. பிளாஸ்டர் கட்டுப் போட்டும் பயனில்லை, கட்டுக்குள்ளேயே சில நொறுங்கிவிட்டன. மிச்சமானது கட்டுரையும் அதிலிருந்த சில கோட்டோவியங்களும்.

கட்டுரை இதை ஊனுண்ணி டைனோசராக வகைப்படுத்தியது. 1990களின் நடுவில் சங்கர் சட்டர்ஜி, இது நீண்ட கழுத்துடைய தாவர உண்ணி என்று திருத்தினார். எலும்பைப் பார்க்க வழியில்லாததால் ஐயம் இன்னொரு பக்கமும் ஓடியது: இது எலும்பே இல்லை, கல்லான மரமாக இருக்கலாம் என்றனர் சிலர். வெளியூர்க்காரர் கிண்டலாக இதை ஒதுக்கிவிட முடியாது. கல்லமேட்டுக்குத் தொலைவில் இல்லாத சாத்தனூரில் 18 மீட்டர் நீளக் கல்மரம் இன்றும் கிடக்கிறதே. கட்டுரையின் ஆண்டு கூட வழக்கில் இருக்கிறது. தொகுதியில் 1987 என்று அச்சாகியிருக்கிறது, வெளிவந்தது 1989 என்பதால் ஆளுக்கோர் ஆண்டை எழுதுகிறார்கள்.

குறையை ஆசிரியர்கள் இருவர் தலையில் போடுவது நியாயமில்லை. கருத்தரங்கத் தொகுதியில் ஒருவருக்குக் கிடைப்பது நாலைந்து பக்கம். நிழற்படத்தை நல்ல தாளில் அச்சிடச் செலவு அதிகம். செய்தியைச் சொல்லிவிட்டு விரிவான நூலைப் பிறகு எழுதலாம் என்பது அக்காலத்து வழக்கம். எலும்பு அதுவரை காத்திருக்கவில்லை.

இதே இருவர் 1979இல் இந்தியப் புவியியல் கழக இதழில் வெளியிட்ட திராவிடோசாரஸ் பிளான்போர்டியும் அமைதியாக வாழவில்லை. முதுகில் தகடு கொண்ட ஸ்டெகோசர் என்றனர் இவர்கள். கடல் ஊர்வனவான பிளீசியோசரின் தேய்ந்த எலும்புகள் என்றனர் சட்டர்ஜியும் ருத்ராவும் 1996இல். 2017இல் பீட்டர் கால்ட்டனுடன் சேர்ந்து அய்யாசாமி மறுபடி இப்பொருளுக்கு வந்தார். கல்லமேட்டு எலும்புகள் பொடிந்துபோன செய்தி தெளிவாகப் பதிவானதும் அந்தக் கட்டுரையில்தான். மாட்லி, பிளான்போர்டு இருவருக்கும் மரியாதையாக வைத்த பெயர்கள் தமிழ்நாட்டின் மிகச் சிக்கலான இரு விலங்குகளில் போய் ஒட்டிக்கொண்டது ஒரு வேடிக்கை.

அச்சான கட்டுரை எல்லார் கையிலும் கிடைத்தது என்றும் எண்ண வேண்டாம். மறுபதிப்பு கேட்டு அஞ்சலட்டை எழுதி, ஆசிரியர் அனுப்பி வைத்தால் படிப்பது என்பதே ஒளிநகல் பரவும்வரை நடைமுறை. இந்தியக் கருத்தரங்கத் தொகுதி ஒன்று அயல்நாட்டு நூலகத்தை எட்டுவது அரிது. கல்லமேட்டுக் கோட்டோவியங்களை நகலின் நகலாகப் பார்த்தவர்களே அதிகம் இருந்திருப்பார்கள். மரமா எலும்பா என்ற சண்டை நீண்டதில் இதற்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

இணையம் வந்ததும் முதலில் முட்டியது பெயரிடும் சட்டத்தோடு. விலங்குப் பெயர்களுக்கான சர்வதேச விதித்தொகுப்பு காகிதத்தையே வெளியீடாக ஏற்றது. ஜெர்மனியின் மெசல் குழியில் கிடைத்த டார்வினியஸ் என்ற பாலூட்டியை 2009 மே மாதம் இணையத்தில் மட்டுமே வெளிவரும் பிளாஸ் ஒன் இதழ் பெரும் ஆரவாரத்தோடு அறிமுகம் செய்தது. பெயர் செல்லுமா என்ற கேள்வி எழ, 50 பிரதிகளை அவசரமாகக் காகிதத்தில் அச்சிட்டார்கள். உலகமே திரையில் பார்த்துவிட்ட விலங்குக்குப் பெயர் கிடைத்தது அந்தத் தாள்களால். 2012 செப்டம்பரில் விதி திருத்தப்பட்டது. ஜூபேங்க் பதிவேட்டில் பதிந்திருந்தால், நிலையான காப்பகம் குறிப்பிட்டிருந்தால், மின்வெளியீட்டிலும் பெயர் செல்லும்.

அதைவிடப் பெரிய மாற்றம், கட்டுரையோடு எலும்பின் முப்பரிமாண வடிவத்தையும் கொடுப்பது. டியூக் பல்கலைக்கழகத்தில் உருவான மார்ஃபோசோர்ஸ் என்ற களஞ்சியம் இதற்கு வழி செய்தது. 2015இல் தென்னாப்பிரிக்காவின் ஹோமோ நலெடி இலவசமாகப் படிக்கக்கூடிய ஈலைஃப் இதழில் வந்தபோது, முக்கிய எலும்புகளின் வருடல் கோப்புகளை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள முடிந்தது. எத்தியோப்பியாவின் ஆர்டிபிதெகஸ் ராமிடஸ் இனம் 1994இல் முதன்முதலாக விவரிக்கப்பட்டு, எலும்புக்கூட்டின் முழு விவரம் 2009இல்தான் வெளியானது என்பதோடு ஒப்பிட்டால் மனப்போக்கின் மாற்றம் தெரியும்.

கல்லமேட்டுக்கும் இந்த மாற்றம் வந்து சேர்ந்தது. 2013இல் அஞ்சலி கோஸ்வாமி, ஜி.வி.ஆர். பிரசாத் குழுவினர் அங்கே கிடைத்த ஒரே ஒரு பல்லை, சில மில்லிமீட்டர் அளவுள்ளதை, நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வெளியிட்டனர். ட்ரூடான்டிட் என்னும் சிறிய ஊனுண்ணிக் குடும்பத்தைச் சேர்ந்த பல் என்றனர். இந்த அடையாளத்தை ஏற்பதும் மறுப்பதும் வேறு. மறுக்க விரும்புபவருக்கு வேண்டிய படமும் அளவும் கட்டுரையிலேயே இருக்கின்றன. ஒரு நெல்மணி அளவுப் பல்லுக்குக் கிடைத்த இந்தக் கவனிப்பு இரண்டு மீட்டர் எலும்புக்குக் கிடைக்கவில்லை.

வேகம் மட்டும் வந்து சான்று வராத பகிர்வும் இங்கேயே நடந்தது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரி தூர்வாரும்போது உருண்டைக் கற்கள் கிடைக்க, டைனோசர் முட்டை என்று படங்கள் வாட்ஸ்அப்பில் ஒரே நாளில் ஊர் சுற்றின. அம்மோனைட்டைச் சுற்றிப் படிவு உருண்டு இறுகியவை என்று புவியியலாளர்கள் சொன்னது அந்த வேகத்தில் போய்ச் சேரவில்லை.

2022இல் சௌரப் பாலும் அய்யாசாமியும் ஜியாலஜி டுடே இதழில், கல்லமேட்டில் எலும்புகள் மண்ணில் கிடந்தபோது எடுத்த நிழற்படங்களை வெளியிட்டனர். முப்பது ஆண்டுக்கும் மேலாக யாரோ பத்திரப்படுத்தி வைத்திருந்த படங்கள். அவை எலும்புதான், மரமில்லை என்று பலர் ஏற்கத் தொடங்கினர். மறு ஆண்டே கிரிகரி பாலும் அசியர் லாரமெண்டியும் லெதாயா இதழில் இவ்விலங்கின் எடையை 110 முதல் 170 டன் வரை மதிப்பிட்டு, நீலத் திமிங்கிலத்தின் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினர். இவ்வளவு அகலமான மதிப்பீட்டை நான் முடிவாக எடுத்துக்கொள்ளத் தயாரில்லை. மங்கலான படங்களும் சில பக்கத்து அளவுகளும் தாங்கக்கூடிய பாரத்தைவிட இது அதிகம்.

மூல மாதிரி அழிந்தாலும் பெயர் அழியாது என்பது விதி. பெயருக்குரிய இனத்தை உறுதி செய்ய வேண்டிய தேவை எழுந்தால், பதிலியாகப் புதிய மாதிரி ஒன்றை நியமிக்கவும் அது இடம் தருகிறது. ஆனால் அந்த மாதிரி, முதல் எலும்பு கிடைத்த இடத்திலிருந்தோ இயன்றவரை அதற்கு அருகிலிருந்தோ வர வேண்டும். கல்லமேட்டில் அந்த அடுக்கு இன்னும் திறந்தே கிடக்கிறது. ஆண்டுதோறும் வடகிழக்குப் பருவமழை அதை அரித்துக்கொண்டும் இருக்கிறது.