வலியும் குளிசையும்

கீரிமலைத் தீர்த்தத்தின் பெயரோடு நோயாளர் இருவரின் கதைகள் பிணைந்து கிடக்கின்றன. கீரிமுகங் கொண்ட நகுல முனிவர் இங்கு நீராடி மனித முகம் பெற்றார் என்பது ஒன்று. குன்ம நோயாலும் குதிரை முகத்தாலும் வருந்திய சோழ இளவரசி மாருதப்புரவீகவல்லி இந்நீரில் ஆடிக் குணமடைந்து, மாவிட்டபுரத்தில் கந்தனுக்குக் கோயில் எடுப்பித்தாள் என்பது மற்றையது. இவை ஐதிகங்களேயன்றி வரலாற்றுச் சான்றுகள் அல்ல. எனினும் ஒரு சமுதாயம் வலியை எவ்வாறு நோக்கியது என்பதற்கு இவை சாட்சி பகர்கின்றன. நோயுற்றவள் ஒளிந்து வாழவில்லை. ஓர் ஊர் அவளை ஏற்றுத் தங்க இடங்கொடுத்தது.

அதே வலிகாம மண்ணில் இன்று வேறொரு காட்சியைக் காண்கிறோம். நரம்பு வலிக்கும் வலிப்பு நோய்க்கும் வைத்தியர் எழுதித் தரும் பிரிகபலின், கடும் வலிக்குரிய ட்ரமடோல் முதலிய மருந்துகளை, அந்நோய்கள் எவையுமில்லாத இளைஞர் சிலர் போதைக்காக விழுங்குகின்றனர். யாழ்ப்பாணத்தில் பொலிசார் கைப்பற்றும் பொருள்களுள் கஞ்சா, ஹெரோயின் ஆகியவற்றோடு இக்குளிசைகளும் சேர்ந்துவிட்டன. "பிள்ளைகள் கெட்டுப் போய்விட்டார்கள்" என்று சொல்லிப் பெரியோர் அமைதி அடைகின்றனர். நோயின் பெயரைச் சொல்வது நோய்க்குக் காரணம் கண்டதாகாது. காரணத்தை வரலாற்றிலேதான் தேடவேண்டும்.

மேனாட்டு மருத்துவம் யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது அறிவோடு சேர்ந்தே வந்தது. 1847ஆம் ஆண்டு இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவம் கற்பித்ததோடு, அதனைத் தமிழிலேயே கற்பிக்கவும் துணிந்தார். 1867இல் வெளிவந்த 'இரண வைத்தியம்' அம்முயற்சியின் கனிகளுள் ஒன்று. மருந்து இன்னது, அதன் குணம் இன்னது, தீங்கு இன்னது என்று மக்களின் மொழியில் சொல்லவேண்டும் என்பது அவர் கொள்கை. இன்று ஒரு தாய் தன் மகனின் சட்டைப் பையில் காணும் குளிசை அட்டையிலுள்ள எழுத்து ஆங்கிலம். அது வலிமருந்தா, நஞ்சா என்று அவளால் எப்படி அறிய முடியும்?

அறிவு பின்தங்கிய இடத்தில் வணிகம் முன்வந்தது. அதனைக் கட்டுப்படுத்த முயன்றவர் பேராசிரியர் சேனக பிபிலே. பொதுவுடைமைத் தலைவரும் வைத்தியருமான எஸ். ஏ. விக்கிரமசிங்கவுடன் அவர் சமர்ப்பித்த அறிக்கையின் பயனாக, 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் தோன்றியது. கம்பனிகள் சூட்டிய வணிகப் பெயர்களை ஒதுக்கி, தேவையான மருந்தை அதன் இயற்பெயரால், குறைந்த விலையில் வாங்கவேண்டும் என்பது அவர் காட்டிய வழி. பன்னாட்டுக் கம்பனிகள் கடுமையாக எதிர்த்தன. 1977இல் பிபிலே கயானாவில் காலமானார். அதே ஆண்டில் நாட்டின் பொருளாதாரக் கதவுகளும் அகலத் திறந்தன. மருந்து மீண்டும் சந்தைச் சரக்காயிற்று. தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைக்கான சட்டம் பிறக்க 2015 வரை காத்திருக்க நேர்ந்தது.

வடக்கின் கதை இன்னுங் கொடியது. 1990இல் வலிகாமம் வடக்கு மக்கள் வேரோடு பெயர்க்கப்பட்டனர். அவ்வாண்டு ஒக்டோபரில் நகுலேஸ்வரம் குண்டுவீச்சுக்கு இலக்காயிற்று. 1950இல் தொடங்கி இப்பகுதிக்குச் சோறு போட்ட காங்கேசன்துறைச் சீமெந்து ஆலையும் அதே ஆண்டில் ஓய்ந்தது. பின்னர் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை மருந்துகளையும் விட்டுவைக்கவில்லை. 2009இன் தொடக்க மாதங்களில் வன்னியில், மயக்க மருந்து போதாத நிலையிலேயே வைத்தியர்கள் சத்திரசிகிச்சை செய்தனர். ஒரு தலைமுறை, வலிக்கு மருந்தின்றிப் பல்லைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தது. அதன் பிள்ளைகள் சுன்னாகம் சபாபதிப்பிள்ளை முகாமிலும் மல்லாகம் கோணப்புலம் முகாமிலும் பிறந்து வளர்ந்தனர். மீளக் குடியேறியபோது அவர்கள் கண்டவை கூரையற்ற சுவர்களும் பற்றை மூடிய வளவுகளுமே.

இப்போரின் காயம் தனிமனிதரோடு நில்லாமல் குடும்பத்தையும் ஊரையும் தாக்கிய கூட்டு வடு என்பதை மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியுள்ளார். வடுவைப் பெற்றோர் வாய் திறந்து பேசவில்லை. பிள்ளைகளோ அதனோடு வளர்ந்தனர். பரீட்சையில் தவறியவனுக்கு வேறு பாதை இல்லை. வெளிநாட்டுக் கனவில் காத்திருப்பவனுக்கு நாள்கள் நகர்வதில்லை. அத்தகையவன் கையில் ஒரு குளிசை அகப்படுகிறது. சாராயத்தைப்போல அது மணப்பதில்லை, வீட்டார் அறிவதில்லை. வைத்தியர் தருவதுதானே, தீங்கு செய்யாது என்ற நம்பிக்கையும் உண்டு. பழைய மருந்துத் துண்டைக் காட்டி வாங்குவோரும், அப்பாச்சியின் மருந்துப் பெட்டியில் எடுப்போரும், களவாக விற்பவனிடம் பெறுவோரும் இருக்கின்றனர்.

ட்ரமடோல் போன்றவை மூளையில் அபினின் வழியிலேயே வேலை செய்கின்றன. சில நாளில் பழைய அளவு போதாமற் போகிறது. நிறுத்தினால் உடல் நோகிறது, உறக்கம் கலைகிறது. மதுவோடும் தூக்க மருந்தோடும் சேர்ந்தால் மூச்சே அடங்கிவிடலாம். பிரிகபலின் அபின் இனத்தைச் சேர்ந்ததன்று. ஆயினும் அதற்கும் உடல் பழகிவிடும்.

இது போர் கண்ட வறிய நாட்டின் நோய் மட்டும் என்று எண்ணவேண்டா. அமெரிக்காவில் 1996இல் ஒக்சிகொன்ரின் என்னும் வலிமருந்தைச் சந்தைப்படுத்திய பேர்டியூ நிறுவனம், அடிமைப்படுத்தும் அதன் இயல்பைக் குறைத்துக் காட்டிய குற்றத்தை 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. அதற்கிடையில் எத்தனையோ குடும்பங்கள் சிதைந்துவிட்டன. போர் நடவாத ஊர்களிலும் வேலையிழந்தோர் பலர் அம்மருந்துக்கு இரையாயினர். இலாபவேட்டையும் ஆதரவற்ற வாழ்வும் சந்திக்குமிடம் எதுவாயினும் விளைவு ஒன்றே.

எனவே தண்டனை மட்டும் தீர்வாகாது. குண்டுச் சிதறலை உடலில் சுமந்து வாழ்வோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்களுக்கு வலிமருந்து மறுக்கப்படலாகாது. துண்டின்றி மருந்து விற்போரையும் மொத்தமாகக் கடத்துவோரையும் சட்டம் பிடிக்கட்டும். அடிமைப்பட்ட பிள்ளையைச் சிறைக்கு அனுப்புவது எவருக்கும் பயன் தராது. அவனுக்குரிய இடம் வைத்தியசாலை. மருந்தின் குணமும் தீங்கும் தமிழில் அச்சிடப்படவேண்டும். ஆசிரியராகிய நாம், வகுப்பில் தூங்கி விழும் மாணவனைப் பிரம்பால் எழுப்புமுன் அவன் இரவில் ஏன் உறங்கவில்லை என்று கேட்கப் பழகவேண்டும். கேட்பார் இருந்தால் வலி சொல்லாகும். கேட்பார் இல்லாதவிடத்து அது குளிசையைத் தேடும்.